போட் ஹைட்ராலிக் ஸ்டியரிங்: வீல் நிக்காம சுத்திக்கிட்டே இருக்கு, பம்பு மாத்தணுமா?

முத்துக்குளி_போட்:
வணக்கம் மக்கா, நான் தூத்துக்குடி. 24 அடி ஃபைபர் போட், பின்னாடி மாட்டுற 115 குதிரை அவுட்போர்டு எஞ்சின் ஒண்ணு, தூண்டில் போட வர்றவங்கள கூட்டிட்டு போறதுதான் பொழப்பு. ஸ்டியரிங் ஹைட்ராலிக். போட்டே செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, ஸ்டியரிங்குக்கு 9 வயசாவது இருக்கும். முன்னாடி இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசிக்கு 5 சுத்துதான், இப்ப 7, 8 சுத்து ஆவுது. கடைசி போனா வீல் நிக்கணும்ல, நிக்கல, கொஞ்சம் கெட்டியா இருக்கு ஆனா சுத்துனா சுத்திக்கிட்டே கெடக்கு. வாரத்துக்கு ஒரு டீ கிளாஸ் ஆயில் ஊத்துறேன். பின்னாடி சிலிண்டர் எப்பவும் ஈரமா இருக்கு, அது கடத்தண்ணியா ஆயிலான்னு தெரியல.

மெக்கானிக் வந்தாரு, வீலை ரெண்டு சுத்து சுத்துனாரு, பம்பு போச்சு தம்பி 48,000 ஆகும்னுட்டாரு. அவ்வளவுதான் செக்கப்பு. இப்ப மீன்பிடி தடைக்காலம், போட் கரையில தான் கெடக்கு, ஜூன் 14 வரைக்கும் டைம் இருக்குன்னு வைங்க (எங்கள மாதிரி சின்ன போட்டுக்கு தடை கிடையாது, ஆனா கச்சான் காத்துல எவன் வருவான்). பம்பு மாத்தத்தான் செய்யணுமா?

சும்மா_வந்தவன்:
பிரேக் ஆயில் ஊத்துங்க, கெட்டியா நிக்கும். எங்க மாமா டிராக்டர்ல அப்படித்தான் ஓட்டுனாரு.

ஓரிங்_ஆளு:
முதல்ல பிரேக் ஆயில் வேணாம். தெய்வமே வேணாம். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நான் கோயம்புத்தூர்ங்க, போட் ஓட்டத் தெரியாது, ஆனா 20 வருஷமா சிலிண்டர் சீல், அதாவது ஆயில் ஒழுகாம புடிக்கிற ரப்பர் வளையம், மாத்துறதுதான் வேலை, மோல்டிங் மெஷின், ஜேசிபி, டிராக்டர் எல்லாம் வரும். போட் ஸ்டியரிங்கும் ரெண்டு மூணு வந்துருக்கு, கொச்சில இருந்து. பெரிய வித்தை ஒண்ணும் இல்லைங்க. வீலுக்குப் பின்னாடி சின்னதா ஒரு பிஸ்டன் பம்பு, நீங்க சுத்துற சக்திதான் பிரஷர். வலது பக்கம் சுத்துனா ஒரு ஓஸ் வழியா ஆயில் போகும், இன்னொரு ஓஸ் வழியா திரும்பி வரும். பின்னாடி எஞ்சின்ல ஒரு சிலிண்டர், அதுல ராடு அசையாது, பாடிதான் ராடு மேல இப்படி அப்படி நகரும், எஞ்சினையும் சேத்து இழுத்துட்டுப் போகும். பம்புக்குள்ள ரெண்டு லாக் வால்வு இருக்கு, எஞ்சின் தண்ணியில அடிபட்டு தள்ளுற வேகம் வீலுக்கு வராம தடுக்கறது அதுங்க வேலை. இவ்வளவுதான் மொத்தமே.

கணக்கு ஒண்ணு பாருங்க. இந்த சைஸ் போட்டுல பரவலா இருக்குற பம்பு ஒரு சுத்துக்கு சுமார் 28 சிசி தள்ளும், சிலிண்டர் சுமார் 138 சிசி. வகுத்தா 5 சுத்துக்கு ஒரு துளி கம்மி. உங்களுக்கு முன்னாடி 5 வந்துச்சுல்ல, அது கரெக்ட். இப்ப 8 வருதுன்னா மூணு சுத்து ஆயில் எங்கயோ போகுது. காத்தை அமுக்கறதுல போகலாம், சிலிண்டருக்குள்ள பிஸ்டன் சீலை தாண்டிப் போகலாம், பம்புக்குள்ளயே வழியலாம். எதுன்னு கண்டுபுடிக்காம 48,000 குடுக்கறது, காய்ச்சல்னு போனவனுக்கு நேரா ஆபரேஷன் பண்ற மாதிரி.

ஒண்ணு பண்ணுங்க. சிலிண்டரு, ஓஸ் ஜாயின்ட்டு, வீலுக்குப் பின்னாடி சாஃப்ட்டு வர்ற இடம் எல்லாத்தையும் நல்ல தண்ணில கழுவி, துடைச்சு, காய விட்டு, டிஷ்யூ பேப்பர் சுத்தி கட்டுங்க. 50 தடவை வீலை இங்கயும் அங்கயும் சுத்துங்க. எந்த பேப்பர் நனையுதோ அதுதான் ஆளு. வாரத்துக்கு ஒரு கிளாஸ் ஆயில் குறையுதுன்னா அது வெளிய தான் போவுது, உள்ளுக்குள்ள ஒழுகுனா அளவு குறையாதுங்க. இது ரொம்ப பேருக்கு புரியறதே இல்ல.

நிலாவெளி_கடல்:
அண்ணை சொல்றது சரி. நான் திருகோணமலை, புறாமலைத் தீவுக்கு ஆக்கள் ஏத்துற போட் ஒண்டும் திமிங்கிலம் பாக்கப் போற போட் ஒண்டும் இருக்கு, பெரியதிலதான் ஹைட்ராலிக். தம்பி ஒயில் என்ன நிறம் எண்டு பாருங்கோ. சிவப்பா கண்ணாடி மாதிரி இருந்தா பிரச்சினை இல்லை, கலங்கி இருந்தா உப்புத்தண்ணி உள்ள போயிட்டுது.

இன்னொண்டு, எஞ்சினை முழுக்க தூக்கி விட்டுட்டு ஓஸ் எங்கயாவது உரசுதோ எண்டு பாருங்கோ. எனக்கு நடந்தது அதுதான். எஞ்சினை தூக்கேக்க ஓஸ் பின்பலகை விளிம்பில தேய்ஞ்சு தேய்ஞ்சு, கரையில இருந்து 4 மைலில, ஆக்கள் 9 பேர் இருக்கேக்க, பட் எண்டு போச்சு. வீல் சும்மா சுத்துது. எஞ்சின் ஒரு பக்கமா சாய்ஞ்சபடி பிடிச்சுக்கொண்டு நிக்குது, கையால தள்ளினாலும் வரேல்லை, ஏனெண்டா மற்ற ஓஸில ஒயில் அடைபட்டு நிக்குது தானே. பிறகு சிலிண்டரில ரெண்டு பக்கமும் காத்து எடுக்கிற நிப்பிள் இருக்கு, ரெண்டையும் தளத்தி விட்டனான், ஒயில் எல்லாம் பீச்சி என்ர முகத்தில. ஆனா எஞ்சின் லேசாயிட்டுது. ஒருத்தன் த்ரொட்டில், நான் பின்னுக்கு நிண்டு துடுப்பால எஞ்சினைத் தள்ளித் தள்ளி, நடக்கிற வேகத்தில ரெண்டரை மணித்தியாலம். அண்டையில இருந்து போட்டில 10 ஆம் நம்பர் ஸ்பேனர் ஒண்டு சிலிண்டருக்குப் பக்கத்திலயே கட்டித் தொங்குது. உங்கட நிப்பிள் என்ன அளவோ அதை கட்டி வையுங்கோ.

சும்மா_வந்தவன்:
சரி பிரேக் ஆயில் ஏன் கூடாது? ரெண்டும் ஹைட்ராலிக் தான?

ஓரிங்_ஆளு:
ரெண்டும் ஹைட்ராலிக்தான், ரப்பர் வேற. கார் பிரேக்ல டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் ஜாதி, கச்சா எண்ணெய்ல இருந்து எடுக்குற மினரல் ஆயில் கிடையாது, அதுக்குன்னு இபிடிஎம் ரப்பர் போடுவாங்க. போட் ஸ்டியரிங்ல இருக்கறது நைட்ரைல் சீல், மினரல் ஆயிலுக்காக. நைட்ரைலை பிரேக் ஆயில்ல போட்டா பணியாரம் மாதிரி ஊதி கொழகொழன்னு ஆயிடும். ஊதறதால முதல் கொஞ்ச நாள் ஒழுகல் நிக்கும், அதைப் பாத்துட்டுதான் உங்க மாமா கெட்டியா நிக்குதுன்னாரு. அதுக்கப்புறம் மொத்த சீலும் குப்பை. இதையே திருப்பி காருக்கு செய்ங்க, பிரேக்ல எஞ்சின் ஆயில் ஊத்துனா அந்த ரப்பர் ஊதி பிரேக் ஜாம் ஆயி நிக்கும்.

ஸ்டியரிங்குக்கு மெல்லிசான ஆயில் வேணும், ஐஎஸ்ஓ விஜி 15. மில் எச் 5606ன்னு ஏரோப்ளேன் ஆயில் ஸ்பெக் இருக்கு, சிவப்பா இருக்கும், அதுவும் ஓகே. நம்ம ஊர்ல ஹைட்ராலிக் ஆயில்னு கேட்டா கடைக்காரன் 68 நம்பர் எடுத்து குடுப்பான், ஜேசிபி ஆயில், நாலு மடங்கு கெட்டி. ஊத்துனா கெட்டுப் போகாது, ஆனா வீல் கல்லு மாதிரி ஆகும், உள்ள இருக்குற காத்து குமிழி லேசுல வெளிய வராது.

சிம்கோ_ஏரி:
ரொறன்ரோவில இருந்து. நிலாவெளி அண்ணை, எனக்கும் உங்கட பக்கம், 2 ஆம் கட்டை தான் ஊர், சந்தோசம். இஞ்ச சிம்கோ ஏரியில போட், பனிக்காலம் ஏரி உறைஞ்சு அதுக்கு மேலேயே இருந்து மீன் பிடிப்பினம், போட்டெல்லாம் ஒக்டோபரில மேல ஏத்திடுவம். நல்ல தண்ணி எண்டபடியா துரு இல்லை, ஆனா எங்கட பிரச்சினை வேற. மே மாசம் இறக்கினா வீல் இரும்பு மாதிரி. நான் ரெண்டு வருசம் ஸ்டியரிங் பிழை எண்டு ஏர் எடுத்து எடுத்து ஒயிலை வாங்கி ஊத்தினதுதான் மிச்சம். கடைசியா ஒரு வயசாளி சொன்னார், சிலிண்டரை எஞ்சினோட பிணைக்கிற போல்ட்டைக் கழட்டிப்போட்டு வீலை சுத்திப்பார் எண்டு. வீல் ஒரு விரலில சுத்துது! அப்ப பிழை எஞ்சின் திரும்புற அச்சில, பழைய கிரீஸ் காய்ஞ்சு மெழுகு மாதிரி இறுகிப் போச்சு. கிரீஸ் நிப்பிளால புது கிரீஸை பழசு வெளியில வரும்வரைக்கும் ஏத்தி, எஞ்சினை கையால இஞ்சாலும் அங்காலும் நூறு தரம் ஆட்டி, சரி.

முத்துக்குளி தம்பிக்கு வீல் லூசுதான் பிரச்சினை, இறுக்கம் இல்லை, ஆனா எப்படியும் சிலிண்டரைக் கழட்டத்தான் போறீர், அப்ப எஞ்சினை கையால ஆட்டிப் பாரும்.

முத்துக்குளி_போட்:
மூணு நாள் கழிச்சு வாறேன். அண்ணாச்சி சொன்ன டிஷ்யூ வேலைய செஞ்சேன். வீட்டுக்காரி கேட்டா என்ன போட்டுக்கு காது குத்தா, பேப்பரா கட்டிவச்சிருக்கன்னு.

வீலுக்குப் பின்னாடி பேப்பர் காய்ஞ்சு கெடக்கு. ஓஸ் ஜாயின்ட்டு நாலும் காய்ஞ்சு கெடக்கு. சிலிண்டர்ல இடது பக்க மூடி, ராடு உள்ள போற எடத்துல பேப்பர் சொத சொதன்னு ஊறிப்போச்சு. துடைச்சு கிட்ட போயி பாத்தா, ராட சுத்தி உப்பு ஒரு வளையம் மாதிரி பொறுக்கு கட்டி இருக்கு, நகத்த வச்சு சொரண்டுனா சீனி மாதிரி உதிருது. ஆயிலு நிறம் சொன்னா சிரிப்பீங்க, அச்சு அசல் ரோஸ் மில்க்.

ஓரிங்_ஆளு:
அப்ப கதை தெளிவாயிடுச்சு. உப்பு காஞ்சு மணல் மாதிரி ஆகும், ஒவ்வொரு தடவை பாடி நகரும்போதும் அது சீல் உதட்டை எமரி பேப்பர் மாதிரி அறுக்கும். ஆயில் வெளிய வரும், தண்ணி உள்ள போகும். அந்த ராடை மட்டும் கடல்ல இருந்து வந்ததும் நல்ல தண்ணில கழுவி துணில துடைச்சா போதும், சீல் பல வருஷம் வரும். பளபளன்னு இருக்குற ராடு மேல கெட்டி கிரீஸ் அப்பறவங்களும் உண்டு, மணல் ஒட்டிக்கும், வேணாம்.

ஆனா ஒழுகறதும் வீல் நிக்காததும் ஒண்ணான்னு பாக்கணும். பம்புல இருந்து ஓஸ் ரெண்டையும் கழட்டிட்டு அந்த ஓட்டைல பிளக் போட்டு டைட் பண்ணுங்க. இப்ப வீலை சுத்துங்க. கெட்டியா நின்னா பம்பு நல்ல பம்பு. லேசா நகருது, பலமா இழுத்தா மெதுவா வழுக்குதுன்னா கூட பரவால்ல, கொஞ்சம் வழுக்கும், அது இயல்பு. ரெண்டு கையையும் வச்சு தொங்காதீங்க, 1000 பிஎஸ்ஐல ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சுனா திறந்து விடுறது) திறந்துரும், அப்ப வழுக்கறதைப் பாத்துட்டு பம்பு போச்சுன்னு அழுவீங்க.

முத்துக்குளி_போட்:
நின்னுச்சு அண்ணாச்சி! செவுத்த புடிச்சு சுத்துன மாதிரி நின்னுச்சு. 48,000 மிச்சம். சீல் கிட் ஆர்டர் போட்டாச்சு.

கிள்ளான்_தூண்டில்:
பாஸ், நான் போர்ட் கிள்ளான். இந்த சீல் வேலைய நான் ரெண்டு தடவை பண்ணிருக்கேன், ஒரு தடவை சொதப்பி. மூடிய கழட்ட ரெண்டு முளை வச்ச பின் ஸ்பேனர் வேணும், உளி வச்சு தட்டாதீங்க, நான் தட்டி அந்த ஓட்டைய கிழிச்சு வச்சேன். ராடு நுனில மரை இருக்கு பாத்தீங்களா, புது சீல் அது மேல ஏறும்போது ரம்பம் மாதிரி வெட்டிரும், நீங்க பாக்கவே மாட்டீங்க, எல்லாம் மாட்டி முடிச்சப்புறம் மறுநாளே ஒழுகும். என் முதல் தடவை அதான் நடந்துச்சு. சீல் உதடு உள்பக்கம், ஆயில் இருக்குற பக்கம் பாக்கணும்.

அப்புறம் ரெண்டு இடத்துல வீல் இருக்குற போட்டுன்னா, மேல இருக்குற பம்புக்கு மட்டும்தான் காத்து போற ஓட்டை வச்ச மூடி, கீழ உள்ளதுக்கு ஓட்டை இல்லாத மூடி. மாத்திப் போட்டா கீழ வழியா ஆயில் வழிஞ்சு டேஷ்போர்டுக்குள்ள போகும். என் பிரெண்டு ஒருத்தன் ரேடியோவ தொலைச்சான் அதுல.

முத்துக்குளி_போட்:
சீல் வந்துருச்சு, வேலையும் முடிஞ்சுது, முழுசா சொல்றேன், நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

பின் ஸ்பேனர் இங்க கெடைக்கல. லேத்துக்கு போயி ஒரு பட்டையில ரெண்டு முளை வச்சு குடுங்கன்னேன், 250 ரூவா. மூடி ரெண்டும் கழண்டுருச்சு, இடது பக்கம் மட்டும் ராவு முழுக்க டீசல்ல ஊறப் போட்டேன். பழைய சீலு எடுத்து பாத்தா உதட்டுல ஒரு எடத்துல கடிச்ச மாதிரி வெட்டு. ராட வெயில்ல சாய்ச்சு பாத்தேன், ரெண்டு மூணு புள்ளி இருக்கு, நகத்துல மாட்டல, 1000 நம்பர் எமரி தண்ணி தொட்டு சுத்துவாட்டுல லேசா தேச்சேன், நீளவாட்டுல தேய்க்கக் கூடாதாம் ஆயில் வர வழி போட்ட மாதிரி ஆயிரும்னு லேத்துக்காரரு சொன்னாரு. மரை வெட்டாம இருக்க பால் பாக்கெட் கவர வெட்டி ராடு நுனியில குழாயா சுத்தி, புது ஆயிலு தடவி, சீல அது மேல வழுக்கி ஏத்துனேன். வெண்ணெய் மாதிரி போச்சு. நடுவுல பிஸ்டன் ஓரிங்கும் மாத்தியாச்சு, பழசு தட்டையா போயிருந்துச்சு.

எஞ்சினையும் கையால ஆட்டி பாத்தேன் சிம்கோ அண்ணே, லேசாதான் இருக்கு, கிரீஸ் மட்டும் ஏத்திட்டேன்.

காத்து எடுக்குறதுதான் பெரும்பாடு. ஆயில் பாட்டில தலைகீழா பம்பு வாயில குழாய் வச்சு மாட்டி, பாட்டில் அடியில ஓட்ட போட்டாச்சு. மவன் வீல்ல, நான் பின்னாடி. வீல ஒரு பக்கம் கடைசி வரைக்கும் சுத்தி, சிலிண்டருக்குள்ள எந்தப் பக்கத்து ஆயில் அறை சின்னதா போச்சோ அந்த நிப்பிள தெறந்து ஒரு குழாய் மாட்டி, பாடி நகராம நான் புடிச்சிக்கிட, அவன் மறுபக்கமா சுத்தணும். மொதல்ல ரோஸ் மில்க்கு, அப்புறம் சோடா மாதிரி நுரை, புஸ்சு புஸ்சுன்னு, அப்புறமா சுத்தமா செவப்பு ஆயிலு. சுத்திக்கிட்டு இருக்கும்போதே நிப்பிள மூடணும், நின்னப்புறம் மூடுனா திரும்பவும் காத்த குடிச்சிரும். அப்புறம் அடுத்த பக்கம். இப்படி ரெண்டு ரெண்டு தடவ. நடுவுல மவன் போன பாத்துட்டு இருந்தான், பாட்டிலு காலியாயிருச்சு, மொதல்ல இருந்து. நிப்பிள்ல வந்தத எல்லாம் திருப்பி ஊத்தக் கூடாதுன்னு தனியா வச்சாச்சு. ரெண்டு லிட்டருக்கு மேலயே போச்சு.

இப்ப 5 சுத்து. கடைசியில நிக்குது. ஆனா ஒரு பிரச்சினை இருக்கு. நேத்து முயல் தீவு வரைக்கும் ஓட்டி பாத்தேன், வீல விட்டா வீல் தானா வலது பக்கமா மெதுவா சுத்துது, பேய் புடிச்ச மாதிரி. இது முன்னாடியும் இருந்துச்சோ என்னமோ, லூசா இருந்ததால தெரியல.

ஓரிங்_ஆளு:
போட்டை கரையில நிறுத்திட்டு எஞ்சினை கையால ரெண்டு பக்கமும் பலமா தள்ளுங்க. வீலை ஒருத்தர் பாக்கட்டும், தொடக்கூடாது. ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி நிக்கணும். ஒரு பக்கம் மட்டும் மெதுவா குடுத்து வீலும் சேந்து சுத்துச்சுன்னா அந்தப் பக்கத்து லாக் வால்வு முழுசா மூடல. உள்ள ஏதோ தூசி. ஒரு கேள்வி, முன்னாடி யாராவது ஜாயின்ட்ல டெஃப்லான் டேப் சுத்திருக்காங்களா?

முத்துக்குளி_போட்:
வெள்ள டேப்பு தான? நாலு ஜாயின்ட்லயும் சுத்தி இருந்துச்சு. நானும் பழச எடுத்துட்டு புதுசா சுத்திட்டேனே.

கிள்ளான்_தூண்டில்:
அய்யோ பாஸ். 😅

ஓரிங்_ஆளு:
பைப்லைனுக்கு அது சரிங்க, தண்ணிக் குழாயில நார் போனா என்ன. இதுல மரை டைட் ஆகும்போது டேப் நுனி நூல் நூலா உதிர்ந்து உள்ள போகும், நேரா போயி வால்வு குண்டுக்கும் அது உக்காருற இடத்துக்கும் நடுவுல மாட்டும். முடி அளவு போதும். மரைக்கு பேஸ்ட்டு மாதிரி சீலன்ட் வரும், டெஃப்லான் கலந்தது, அதை முதல் ரெண்டு மரைய விட்டுட்டு மூணாவதுல இருந்து தடவணும். ஓரிங் வச்ச ஜாயின்ட்டா இருந்தா எதுவுமே வேணாம்.

முத்துக்குளி_போட்:
தள்ளி பாத்தேன். ஒரு பக்கம் கல்லு. இன்னொரு பக்கம் தள்ளுனா வீலு மெல்ல சுத்துது, மவன் அங்கிருந்து கத்துறான் எப்பா சுத்துதுன்னு.

பம்புக்கு பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரு பிளக்கு, கழட்டுனா ஸ்பிரிங்கு, அதுக்கு பின்னாடி சின்ன குண்டு. அடியில ஒரு வெள்ளத் துணிய விரிச்சுட்டு கழட்டுனேன், இல்லன்னா அந்த குண்டு கெடைக்காது. நல்ல பக்கத்துல ஒண்ணும் இல்ல. கெட்ட பக்கத்துல குண்ட எடுத்து உள்ளங்கையில வச்சு டார்ச் அடிச்சா, அரிசி முனை நீளத்துக்கு ஒரு டேப்பு நூலு, எச்சி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. பழுப்பா போயிருந்துச்சு, அதனால நான் சுத்துன டேப்பு இல்ல, எனக்கு முன்னாடி இருந்தவன் சுத்துனது. கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் நாலு ஜாயின்டையும் கழட்டி டேப்ப உரிச்சுட்டு பேஸ்ட்டு போட்டேன். திரும்பவும் காத்து எடுக்குற கூத்து. இன்னொரு லிட்டரு.

நிலாவெளி_கடல்:
இப்ப எப்படி ஓடுது?

முத்துக்குளி_போட்:
எஞ்சின தள்ளுனா ரெண்டு பக்கமும் கல்லு. வீல விட்டா அங்கனயே நிக்குது. ஆனா வேகமா போறப்ப வலது பக்கம் திருப்ப லேசா இருக்கு, இடது பக்கம் கொஞ்சம் கனக்கு. இதுக்கும் பம்பு காரணமா?

சிம்கோ_ஏரி:
இல்லை தம்பி, அது காத்தாடி, எஞ்சின்ர ப்ரொப்பெல்லர், ஒரு பக்கமா சுத்துற இழுவை. காத்தாடிக்கு மேல, எஞ்சின் தட்டுக்கு அடியில சின்ன செட்டை மாதிரி ஒண்டு தொங்கும், சில எஞ்சினில அதே துத்தநாகக் கட்டியும். அதுதான் அந்த இழுவைய சமப்படுத்துறது. போல்ட்டைத் தளத்தி அதின்ர பின் விளிம்பை, வீல் எந்தப் பக்கம் லேசா திரும்புதோ அந்தப் பக்கமா கொஞ்சமே கொஞ்சம் திருப்பும். உமக்கு வலது. ஒரு கோடு போட்டு வச்சிட்டு திருப்பும், ஓட்டிப் பாரும், பிறகு திரும்ப. எனக்கு நாலு தரம் எடுத்தது. எஞ்சினை கூட மேல தூக்கி ஓடினாலும் இழுவை கூடும், அதையும் பாரும்.

முத்துக்குளி_போட்:
ரெண்டாவது தடவையிலயே சரியாயிருச்சு. நேத்து நாலு பேர கூட்டிட்டு போனேன், பாறை மீனு ரெண்டு. ஆயில் அளவு மூடி வாயில இருந்து அரை இன்ச்சுக்கு கீழ, வச்சது வச்சபடி நிக்குது. ராடுக்குன்னு ஒரு பழைய பனியனு வீலு கீழயே கட்டி வச்சாச்சு. ஸ்பேனரும் கட்டியாச்சு நிலாவெளி அண்ணே.

சும்மா_வந்தவன்:
அண்ணே, எங்க மாமா கேக்குறாரு, ஏற்கனவே பிரேக் ஆயில் ஊத்துன டிராக்டர என்ன பண்றது?

ஓரிங்_ஆளு:
ஓட்டாம கொண்டுவர சொல்லுங்க.

வேம்பார்_தம்பி:
புதுசா சேந்துருக்கேன். எனக்கும் இடது மூடிதான் ஒழுகுது. முத்துக்குளி அண்ணே அந்த லேத்துல செஞ்ச ஸ்பேனர் முளைக்கு நடுவுல எவ்வளவு தூரம்?

முத்துக்குளி_போட்:
வேம்பாரா, கிட்டத்துலதான இருக்கிய. ஒம்ம மூடி அளவு வேறயா இருக்கும், மூடியில காகிதத்த வச்சு பென்சில தேச்சு ஓட்டைய எடுத்துட்டு வாரும், சரியா இருந்தா என்னுதையே வாங்கிட்டு போரும். திருப்பி தந்துரணும்.